வரம்புக்கு வராத ஆய்வேடுகள்

ஒரு கல்வித்துறையின் பெறுமதி, அது யாரைப் பற்றிப் பேசுகின்றதோ அவர்களுக்கு அதனால் விளைந்த பயனைக் கொண்டே மதிக்கப்படல் வேண்டும். மருத்துவத்தை நோயாளியின் உடல் சோதிக்கின்றது. பொறியியலைப் பாலத்தின் மீது செல்லும் வண்டி சோதிக்கின்றது. விவசாயப் பொருளியல் மாத்திரம் இத்தகைய சோதனைக்குத் தான் உட்பட வேண்டியதில்லை என்று கருதிக்கொண்டு வளர்ந்து வந்துள்ளது. அத்துறையிற் பெறப்படும் கலாநிதிப் பட்டங்களைச் சோதிப்போர் மூவர்: மேற்பார்வையாளர், உட்பரீட்சகர், வெளிப்பரீட்சகர். எவனுடைய வயலும் கடனும் வியர்வையும் அட்டவணைகளாக மாற்றப்பட்டனவோ, அந்த விவசாயிக்கு அச்சபையில் ஆசனமில்லை. ஆய்வேட்டின் முடிவு யாதென்று கேட்கும் உரிமையும் அவனுக்கு வழங்கப்படவில்லை. இந்நிலை மாறாதவரை விவசாயப் பொருளியலிற் கலாநிதிப் பட்டம் என்பது விவசாயியின் தோளில் ஏறிநின்று எட்டிப் பறிக்கும் கனியாகவே இருக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வாதத்தை வெற்றுவெளியில் நிகழ்த்தாது ஓர் ஊரை முன்வைத்து நிகழ்த்துவது நன்று. அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே, கல்முனையையும் அக்கரைப்பற்றையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் அமைந்த தமிழ்பேசும் முஸ்லிம் ஊர் பாலமுனை. கிழக்கே கடல்; மேற்கே வயல். இக்கரையோர மக்களின் பேச்சில் ‘வேளாண்மை’ என்ற சொல் வேறெப் பயிரையும் குறியாது நெல்லையே குறிக்கும். போகம், வட்டை, கண்டம், வாய்க்கால், வட்டவிதானை, முல்லைக்காரன், போடியார் என்று நிலத்தோடும் நீரோடும் உழைப்போடும் பிணைந்த சொற்களின் பெருங்களஞ்சியம் ஒன்று இங்குண்டு. ஒவ்வொரு சொல்லும் ஒரு பொருளாதார உறவைக் குறிப்பதாகும். நீரைப் பங்கிடுபவன் யார், விளைச்சலைப் பங்கிடுபவன் யார், உழைப்பை ஒழுங்கு செய்பவன் யார் என்பதெல்லாம் அச்சொற்களினுள் அடங்கியிருக்கின்றன. இக்களஞ்சியத்தைத் தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்த மாணவன் ஒருவன் விவசாயப் பொருளியலிற் கலாநிதிப் பட்டம் பெற விரும்புகின்றான் என்று கொள்வோமாயின், அவன் முன்னே நிற்கும் தடைகள் எவை என்பதை முதலில் நோக்கலாம்.

பாலமுனையை அடுத்துள்ள ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1996இல் முழுமையான பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டது. கலை கலாசாரம், முகாமைத்துவ வர்த்தகம், பிரயோக விஞ்ஞானம், இஸ்லாமியக் கற்கைகள் அரபுமொழி, பொறியியல், தொழினுட்பவியல் எனப் பீடங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. நாட்டின் முதன்மையான நெற்பிரதேசங்களுள் ஒன்றின் நடுவே எழுந்த இப்பல்கலைக்கழகத்தில் விவசாயத்திற்கென ஒரு பீடம் எழவில்லை. வடக்கே வந்தாறுமூலையில், 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிய காலந்தொட்டே விவசாய பீடம் உண்டு. பேராதனையிலோ விவசாய பீடத்தோடு 1975ஆம் ஆண்டு முதல் விவசாயப் பட்டப்பின்படிப்பு நிறுவகமும் இயங்கி வருகின்றது. ஆயின் அவற்றின் வாயில்கள் விஞ்ஞானப் பிரிவிற் கற்றவனுக்கே இயல்பாகத் திறப்பன. கலைப்பிரிவிற் பொருளியலைத் தமிழிற் கற்ற பாலமுனை மாணவன் அவ்வாயிலில் நிற்கும்போது, அவனுடைய பட்டம் போதாது என்கிறார்கள். அவனுடைய ஆங்கிலம் போதாது என்கிறார்கள். அவனுடைய கணிதம் போதாது என்கிறார்கள். பிந்திய இரண்டும் உண்மையாகவே போதாமலிருக்கலாம். ஆனால் அவனிடம் போதுமான அளவு இருப்பது எது என்று கேட்பார் எவருமில்லை.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1960ஆம் ஆண்டளவிற் கலைத்துறைகள் சுயமொழிக்கு மாறின. விவசாயமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திலேயே நின்றன. இதன் விளைவாக விவசாயப் பொருளியல் என்னும் ஒரே உடல் இரு கூறாக வெட்டப்பட்டது. பொருளியல் தமிழுக்கு வந்தது. விவசாயம் ஆங்கிலத்திலே தங்கிற்று. கலைப்பீட மாணவன் கேள்வி நெகிழ்ச்சியையும் நுகர்வோர் சமநிலையையும் தமிழிற் கற்கின்றான். ஆனால் அவன் தந்தை உரக்கடைக்காரருக்கு ஏன் நெல்லாகக் கடன் இறுக்குகிறார் என்பதை விளக்கும் பாடம் அவனுடைய பாடத்திட்டத்தில் ஓரத்திலேயே உள்ளது. விவசாய பீட மாணவனோ உற்பத்திச் சார்பையும் பிற்செலவுப் பகுப்பாய்வையும் ஆங்கிலத்திற் கற்கின்றான். வயலிலே கேட்கும் சொல்லுக்கும் தாளிலே எழுதும் சொல்லுக்கும் இடையிலுள்ள ஆற்றைக் கடக்க அவனுக்குத் தோணி இல்லை. இருவரும் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை. இவ்விருவருக்குமிடையே விழுந்த பள்ளத்திலேதான் பாலமுனை கிடக்கின்றது.

இப்பள்ளத்தின் ஆழம் மொழியோடு நின்றுவிடவில்லை. அது ஆய்வின் உள்ளடக்கத்தையே கெடுக்கின்றது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும்.

முதலாவது, கடன். வினாக்கொத்தோடு வரும் ஆய்வாளர் விவசாயியிடம், ‘நீர் பெற்ற கடனுக்கு வட்டி வீதம் என்ன?’ என்று வினவுகிறார். வட்டி மார்க்கத்தால் விலக்கப்பட்ட சமுதாயம் இது. விவசாயி, ‘வட்டியில்லை’ என்று விடையிறுக்கின்றான். அவன் பொய் சொல்லவில்லை. வினாக்கொத்தில் பூச்சியம் என்று பதியப்படுகின்றது. நிகழ்வதோ வேறு. விதைப்புக் காலத்தில் 40,000 ரூபா பெறுமதியான உரமும் கிருமிநாசினியும் கடனாகப் பெறும் ஒருவன், நான்கு மாதங்களின் பின் அறுவடையன்று மூடையொன்று 4,000 ரூபாவாகக் கணக்கிட்டுப் பத்து மூடை நெல்லாகக் கடனைத் தீர்ப்பதற்கு உடன்படுகின்றான் என்று வைத்துக்கொள்ளலாம். அன்று சந்தையில் மூடையின் விலை 4,800 ரூபாவாயின், அவன் உண்மையிற் கொடுத்தது 48,000 ரூபா. நான்கு மாதத்திற்கு நூற்றுக்கு 20. ஆண்டுக்கு நூற்றுக்கு 60. இவ்வெண்கள் விளக்கத்துக்காக எடுக்கப்பட்டவையே. ஆனால் முறை கற்பனையன்று. வட்டி விலைக்குள் ஒளிந்துகொள்கின்றது. கடன் கொடுப்பவனும் நிலவுடைமையாளனும் ஒருவனேயாகும்போது நிகழும் இத்தகைய சுரண்டலை அமித் பாதுரி 1973ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கிராமங்களை மனதிற்கொண்டு கோட்பாடாக வகுத்தார். கோட்பாடு நூலகத்தில் இருக்கின்றது. வழக்கம் வயலில் இருக்கின்றது. இரண்டையும் பொருத்திப் பார்க்கத் தக்கவன், ‘வட்டியில்லை’ என்ற விடையைக் கேட்டவுடன் ‘மூடை என்ன விலைக்குப் போட்டார்கள்?’ என்று அடுத்த வினாவைத் தொடுக்கத் தெரிந்தவன். அத்தகையவனையே பல்கலைக்கழகம் வாயிலில் நிறுத்தி வைத்திருக்கின்றது.

இரண்டாவது, காணி. பாடநூல்கள் கூறும் விவசாயக் குடும்பத்திற்கு ஒரு தலைவன் உண்டு; நிலம் அவனுடையது; தீர்மானம் அவனுடையது. கிழக்குக் கரையின் வழமை அவ்வாறில்லை. மணமானவன் மனைவியின் வீட்டிற் சென்று வாழ்வதும், வீடும் வயலும் சீதனமாகப் பெண்மக்கள் வழியே கைமாறுவதும் இங்கு தமிழர், முஸ்லிம்கள் என்ற இரு சமூகத்தாரிடையேயும் நெடுங்காலமாக நிலவி வருவன. பாலமுனைக்கு அண்மையிலுள்ள அக்கரைப்பற்றில் 1969ஆம் ஆண்டு முதற் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே இதனை விரிவாக எழுதியுள்ளார். அவ்வாறாயின், வினாக்கொத்தில் ‘உமது காணி எவ்வளவு?’ என்ற வினாவிற்கு ஆண்மகன் கூறும் ஏக்கர்க் கணக்கு யாருடையது? மனைவியின் சீதனக் காணி, மகளுக்கென ஒதுக்கப்பட்ட காணி, பிறரிடம் ஈட்டுக்கு எடுத்த காணி, குத்தகைக் காணி என்று பலவும் ஒரே எண்ணாகத் திரண்டுவிடுகின்றன. அவ்வெண்ணைக் கொண்டு நிலவுடைமைக்கும் உற்பத்தித்திறனுக்கும் உள்ள தொடர்பைக் கணனியில் இட்டுக் கணிக்கும்போது வெளிவரும் முடிவு எவ்வளவு நுட்பமான புள்ளிவிபர முறையால் அலங்கரிக்கப்பட்டாலும், அத்திவாரம் மணலே.

மேலும் ஒரு குறைபாட்டையும் கூறவேண்டும். றொபேட் சேம்பர்ஸ் என்பார் 1983இல் வெளியிட்ட கிராமிய அபிவிருத்தி பற்றிய நூலில், ஆய்வாளர்களும் அதிகாரிகளும் தார்ச்சாலையின் ஓரத்தில் உள்ளதையும், மழையற்ற காலத்தில் தெரிவதையும், வசதிபடைத்த ஆண்களின் வாயிலாகக் கேட்பதையுமே கிராமம் என்று கருதி மீள்கின்றனர் எனக் காட்டினார். நெடுஞ்சாலையில் அமைந்த பாலமுனைக்கு இது நூற்றுக்கு நூறு பொருந்தும். வாகனம் சாலையில் நிற்கின்றது. வினாக்கொத்து சாலையோரக் கடையிலேயே நிரப்பப்படுகின்றது. மேற்கே வாய்க்காலின் கடைமடையில் நீருக்காக இரவு விழித்திருப்பவனும், நாட்கூலிக்கு வேளாண்மை வெட்டியவனும், வெட்டு இயந்திரம் வந்தபின் அக்கூலியையும் இழந்தவனும், நெல் தூற்றியும் அவித்தும் குடும்பத்தைக் காத்த பெண்ணும் மாதிரியெடுப்பில் அகப்படுவதில்லை.

இங்கு வரலாற்றையும் நினைவுகூர்தல் வேண்டும். கல்லோயாத் திட்டத்தை நிறைவேற்ற 1949இல் அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. சேனாநாயக்க சமுத்திரம் எழுந்தது, குடியேற்றங்கள் எழுந்தன, 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. கரையோரத்தின் பழைய வயல்களுக்கு நீரின் ஊற்றுக்கண்ணும் நிர்வாகத்தின் தலைவாயிலும் ஒருங்கே இடம்மாறின. இம்மாற்றத்தைப் பற்றி எழுதியோர் பலர். குடியேற்றத் திட்டங்களைப் பற்றிப் பி. எச். பார்மர் 1957இல் எழுதிய நூல் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றது. 1980களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரையின் வாய்க்கால்கள் அமெரிக்க உதவியுடன் புனரமைக்கப்பட்டபோது, கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து ஒரு பரிசோதனையில் இறங்கின. 1981ஆம் ஆண்டு முதல் இளம் பட்டதாரிகள் அமைப்பாளர்களாக விவசாயிகளிடையே சென்று தங்கினர். வாய்க்கால் தோறும் சிறு குழுக்கள் தோன்றின. தலைமடையார் கடைமடையாருக்கு நீர் விட்டுக் கொடுத்தனர். சிங்கள விவசாயியும் தமிழ்பேசும் விவசாயியும் ஒரே வாய்க்காலின் பங்காளிகள் என்ற உணர்வு சிறிது காலமேனும் அரும்பிற்று. கோர்னெலைச் சேர்ந்த நோர்மன் அப்ஹொப் இவ்வனுபவத்தை 1992இல் நூலாக்கினார். கல்லோயாவிலிருந்து கற்றது உலகெங்கும் நீர் முகாமைத்துவம் பயில்வோருக்குப் பாடமாயிற்று.

ஆனால் அப்பரிசோதனையின் ஓர் அம்சத்தை எளிதில் மறத்தலாகாது. வயலிற் தங்கிய அவ்விளைஞர்களுக்கு நிரந்தர நியமனம் வழங்கப்படவில்லை. ஆசிரியர் தொழில் முதலிய நிலையான உத்தியோகங்கள் கிடைத்ததும் பலர் விலகிச் சென்றனர். விவசாயியோடு வாழ்ந்து கற்ற அறிவு அவர்களோடு சிதறிற்று. நூலாகத் திரண்ட அறிவு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயரோடு பரந்தது. இதில் அப்ஹொப் அவர்களைக் குறைகூற ஏதுமில்லை. அவர் தம் கடமையைச் செவ்வனே செய்தார். குறை வேறிடத்திலுள்ளது. வயலில் உழைத்த பட்டதாரிகளை அவ்வயலைப் பற்றியே உயர்பட்டம் பெறச்செய்து, அவர்களை இம்மண்ணின் அறிஞர்களாக நிலைநிறுத்தும் ஏற்பாட்டை நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் செய்யவில்லை. கல்லோயா பற்றி அறிய விரும்பும் ஒலுவில் மாணவன் இன்றும் ஆங்கில நூலின் வாயிலாகவே தன் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலை அறிய வேண்டியிருக்கின்றது.

இவ்வாதத்துக்கு எதிராகக் கூறப்படுவன சில உண்டு. அவற்றையும் நேர்மையுடன் நோக்குதல் தகும்.

‘கலாநிதி ஆய்வு என்பது கோட்பாட்டுக்கு வளம் சேர்ப்பது, கிராமத்து நலன்புரி வேலையன்று. கோட்பாட்டின் மொழி உலகமொழியாகவே இருத்தல் வேண்டும்’ என்பர் சிலர். அலெக்சாந்தர் சயானொவ் என்ற இரஷ்யப் பொருளியலாளரின் கதை இவர்களுக்கு விடையாகும். கூலிக்கு ஆள் அமர்த்தாது குடும்பத்தின் உழைப்பையே நம்பி வாழும் குடியானவனின் கணக்கு முதலாளியின் கணக்கினின்றும் வேறுபட்டது என்பதை அவர் இரஷ்யக் கிராமங்களின் புள்ளிவிபரங்களிலிருந்து இரஷ்ய மொழியிலேயே நிறுவினார். 1937இல் ஸ்டாலினின் ஆட்சி அவரைச் சுட்டுக்கொன்றது. அவருடைய பெருநூல் ஆங்கிலத்தில் 1966இலேயே வெளிவந்தது; வெளிவந்ததும் மூன்றாம் உலக நாடுகளின் குடியானவரைப் பற்றிய ஆய்வு முழுவதும் அதனோடு வாதிட வேண்டியதாயிற்று. உலகமொழியில் எழுதியமையால் அவர் உலக அறிஞரானார் அல்லர். தம் நாட்டுக் குடியானவனை ஆழமாக அறிந்தமையால் உலகம் அவரைத் தேடி வந்து மொழிபெயர்த்தது. பாலமுனை விவசாயியின் ‘வட்டியில்லாத’ கடனைச் சரிவரப் பகுத்தாராயும் ஒருவன் கோட்பாட்டுக்கு அளிக்கும் கொடை, அயல்நாட்டுச் சமன்பாட்டில் அம்பாறையின் எண்களைப் பொருத்திப் பார்ப்பவன் அளிக்கும் கொடையினும் பெரிது. ஆங்கிலம் வேண்டாம் என்பது இங்கு வாதமன்று. ஆங்கிலமும் கணிதமும் இன்றி உயர் ஆய்வு இயலாது. அவற்றைக் கற்பிக்கவேண்டிய கடமை பல்கலைக்கழகத்தினுடையது. கற்பிக்காது விட்டுவிட்டுத் தகுதியில்லை என்று திருப்பியனுப்புவதே கண்டனத்துக்குரியது.

‘சொந்த ஊரை ஆராய்பவன் நடுநிலை தவறுவான்’ என்பது இன்னொரு கூற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளியற் பேராசிரியராக 1915இல் வந்த கில்பேட் சிலேற்றர் இதற்கு நேர்மாறாகச் சிந்தித்தார். அவர் தம் மாணவரை விடுமுறையிற் சொந்தக் கிராமங்களுக்கே அனுப்பி அங்குள்ள பொருளாதார நிலையைத் தொகுத்து வரச் செய்தார். 1918இல் வெளிவந்த தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய தொகுதி அவ்வுழைப்பின் பயன். இருவேல்பட்டு முதலிய அக்கிராமங்கள் 1930களிலும் அதன் பின்னரும் மீளவும் மீளவும் ஆராயப்பட்டன. இருவேல்பட்டு பற்றி 1916 முதல் 2008 வரையிலான மாற்றத்தைக் காட்டும் கட்டுரை 2010இல் வெளியாகியுள்ளது. ஒரு நூற்றாண்டுக்கு அண்மித்த காலத்தில் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது, பண்ணையாள் எவ்வாறு கூலியாளாயினான், கூலியாள் எவ்வாறு ஊரைவிட்டு வெளியே வேலை தேடினான் என்பதை இன்று எவரும் அறியலாம். மாணவன் தன் ஊரைப் பற்றி எழுதியதில் நடுநிலை தவறியிருந்தால், அடுத்து வந்தவன் அதைத் திருத்தினான். அறிவு வளர்வது அவ்வாறே. ஒருமுறை வந்து, ஒரு பட்டத்தைப் பெற்று, மறுமுறை வராது போகும் அந்நியனின் நடுநிலையைச் சோதிக்க வழியே இல்லை.

‘விவசாயிக்கு வேண்டியது நல்ல விதையும் தண்ணீரும் விலையும்; ஆய்வேட்டை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?’ என்பது மூன்றாவது ஆட்சேபம். ஏழையின் பெயரால் எழுப்பப்படும் இவ்வாட்சேபமே எல்லாவற்றிலும் ஆபத்தானது. விலையும் நீரும் உரமும் தீர்மானிக்கப்படுவது கணக்குகளின் அடிப்படையிலேயே. அக்கணக்கு யாரிடம் இருக்கின்றதோ அவனுடைய குரலே கேட்கும். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகையாளனைக் காக்க எழுந்தது. குத்தகைக்கு உச்சவரம்பு விதித்தது. ஆனால் எழுத்தில்லாக் குத்தகையை நிரூபிக்க இயலாது நாடெங்கும் பலர் தாம் உழுத நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை நிறுவப்பட்டது. 1990களில் அது செயலிழந்தது. பின்னர் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டது. உத்தரவாத விலை அறிவிக்கப்படும் நாளுக்கும் களத்திலிருந்து நெல் ஏறும் நாளுக்கும் இடையில் கடன்பட்டவன் விற்றுத் தீர்த்துவிடுகின்றான் என்பதைக் கரையோரத்தில் அறியாதார் இல்லை. ஆனால் எத்தனை பேர், எத்தனை மூடை, என்ன விலைக்கு என்பதைப் போகந்தோறும் பதிந்து வைத்த ஏடு ஊரிடம் இல்லை. அறிந்தது வேறு, நிறுவக்கூடியது வேறு.

2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது இவ்வின்மையின் விலை வெளிப்பட்டது. பல்கலைக்கழக விவசாய அறிஞர்கள் எச்சரித்தனர் என்பது உண்மை. அவர்கள் வாய்மூடி இருந்தனர் என்று கூறுவது நன்றிகேடு. ஆனால் ஆட்சியாளர் செவிசாய்க்கவில்லை. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகத்து விதைப்புக் கடந்துவிட்டது. 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தினும் மூன்றிலொரு பங்குக்கு மேற் குறைந்தது. 2022இன் தொடக்கத்தில் நட்டஈடு பற்றிய அறிவிப்பு வந்தது. பதிவேட்டில் பெயருள்ளவரையே அரசின் கணக்கு காணும். வாய்மொழிக் குத்தகையில் உழுதவனின் நட்டத்தையும், வெட்டுக் கூலி இழந்தவனின் நட்டத்தையும், ஈட்டுக் காணியை மீட்க முடியாது போன பெண்ணின் நட்டத்தையும் யார் எண்ணுவது? வட்டை வட்டையாக, குடும்பம் குடும்பமாகப் பல போகங்களின் கணக்கைக் கையில் வைத்திருக்கும் ஊரொன்று அன்று இருந்திருப்பின், நட்டஈட்டைக் கேட்டு நிற்கும் அவ்வூரின் நிலை இரந்து நிற்பதாக இராது. கணக்கை நீட்டி வழக்குரைப்பதாக இருந்திருக்கும். ஆய்வேட்டால் விவசாயிக்கு என்ன பயன் என்று கேட்போருக்கு இதுவே விடை.

குற்றம் முழுவதையும் நிறுவனங்களின் தலையிற் சுமத்திவிட்டு மாணவர் தப்பிக்கொள்ளவும் இயலாது. கலாநிதிப் பட்டம் நம் சமுதாயத்திற் பெற்றுள்ள இடத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். குறித்த காலத்துள் பட்டப்பின்படிப்பை முடிக்காத தகுதிகாண் விரிவுரையாளருக்குப் பதவி உறுதியில்லை. ஆகவே பட்டம் உத்தியோகத்தின் பூட்டுக்குத் திறவுகோலாகின்றது. ஊரிலோ அது பெயரின் முன்னே ஒளிரும் பட்டயமாகின்றது. கலியாணச் சந்தையில் விலையாகின்றது. நெற்காணிக் குத்தகையின் அநீதியைப் பற்றி ஆய்வேடு எழுதியவர், சீதனமாகப் பெற்ற வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு நகரத்தில் வாழ்வதற்கு நம் சமுதாயத்தில் எவ்விதத் தடையுமில்லை. அத்தகையவரைக் கண்டு வியப்போர் உண்டு; வெட்குவோர் இல்லை. போடியாரின் மகன் போடியாராக வந்த காலம் மாறி, போடியார் கலாநிதியாகவும் வரக்கூடிய காலம் இது. இதனை முன்னேற்றம் என்று பெயரிட்டு அழைப்பது உழுபவனை ஏளனம் செய்வதாகும்.

வறிய வீட்டுப் பிள்ளை பட்டத்தால் உயர்வதை யாரும் வெறுக்க வேண்டியதில்லை. தந்தை சேற்றில் நின்றார் என்பதற்காக மகனும் மகளும் சேற்றிலேயே நிற்கவேண்டும் என்று கூறுவது கொடுமை. அவர்கள் ஏறிச் செல்லட்டும். ஆனால் ஏறுவதற்கு வைத்த ஏணியைத் தம்முடன் மேலே இழுத்துக்கொள்ளாதிருக்கட்டும். ஏணியைக் கீழே விட்டுவைப்பது தனிமனிதரின் நல்லெண்ணத்தால் மாத்திரம் நிகழ்வதன்று. அதற்கு விதிகள் வேண்டும்.

அவ்விதிகள் செலவு மிக்கனவுமல்ல, செய்தற்கு அரியனவுமல்ல. முதலாவதாக, தமிழ்பேசும் மக்களின் விவசாயத்தைப் பற்றி எழுதப்படும் ஒவ்வோர் ஆய்வேடும் விரிவான தமிழ்ச் சுருக்கமொன்றை உடையதாயிருத்தல் வேண்டும். அஃதின்றிப் பட்டம் வழங்கப்படலாகாது. இரண்டாவதாக, ஆய்வாளர் தம் முடிவுகளைத் தகவல் தந்த ஊரிலேயே, கமக்காரர் அமைப்புகளின் முன்னே எடுத்துரைத்து வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டும். பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடைபெறும் அதே மண்டபம் அதற்குப் போதும். மூன்றாவதாக, சிலேற்றரின் வழியைப் பின்பற்றிக் கரையோரத்தின் சில ஊர்களைத் தெரிந்தெடுத்து, பாலமுனையையும் அவற்றுள் ஒன்றாகக் கொண்டு, பத்தாண்டுக்கு ஒருமுறை காணி, கடன், கூலி, நீர், விலை என்பவற்றைக் கலைப்பீட மாணவரே பதிந்துவரும் நிரந்தர ஏற்பாடு வேண்டும். இளமாணி மாணவன் தொகுத்ததன்மேல் முதுமாணி மாணவனும், அவன் எழுதியதன்மேல் கலாநிதி மாணவனும் கட்டியெழுப்பலாம். நான்காவதாக, தமிழ்மொழிமூலம் பொருளியல் கற்ற மாணவர் விவசாயப் பொருளியலில் உயர் ஆய்வுக்குச் செல்வதற்கு ஓராண்டு இணைப்புக் கல்வி வேண்டும்: ஆங்கிலம், புள்ளிவிபரவியல், பயிரியலின் அடிப்படைகள். விவசாய பீட மாணவருக்கோ இதன் மறுதலை வேண்டும்: ஊரில் ஒரு போகம் தங்கி, விதைப்பு முதல் கடன் தீர்க்கும் நாள் வரை ஒரு குடும்பத்தின் கணக்கை எழுதுதல்.

இவற்றைக் கேட்டு, இவை கலாநிதிப் பட்டத்தின் தரத்தைக் குறைக்கும் என்று அஞ்சுவோர் இருப்பர். மூவரடங்கிய அறையில் ஆங்கிலத்தில் வாதிட்டு வெல்வது எளிது. அறுபது போகம் கண்ட விவசாயிகள் நிறைந்த மண்டபத்தில், அவர்கள் மொழியில், அவர்கள் கணக்கைப் பற்றிப் பேசி, ‘இது சரி’ என்ற சொல்லைப் பெறுவதே கடினம். தரத்தை உயர்த்த விரும்புவோர் இந்தப் பரீட்சையை விதிக்கட்டும். பாலமுனைக்கு இன்றுவரை வந்து போன வினாக்கொத்துகள் பல. திரும்பி வந்த விடை ஒன்றேனும் உண்டா என்று அவ்வூரார் கேட்கும் நாளில் பல்கலைக்கழகம் தலைகுனியாது நிற்கவேண்டுமாயின், அவ்விடையை எழுதத் தொடங்கவேண்டிய காலம் எதிர்வரும் பெரும்போகமே.